யாருடைய கூற்று? கவிதையும் கதையும் நாடகமும் கற்பது பற்றி
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூண்டுலோயாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பிறந்து, பிற்காலத்தில் தமிழையோ ஆங்கில இலக்கியத்தையோ பாடமாக எடுத்துப் படித்த நாங்கள் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். மேடையில் நின்று வாசிப்பவர் ஒருவர். பேச்சு எங்கள் எல்லோருடையதும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். கலைப்பிரிவில் சேர்ந்து தமிழ் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும், "கதையும் பாட்டும் படித்து என்னம்மா கிடைக்கப் போகிறது?" என்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாதச் சம்பளத்தில் கழிவுகள் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்துக் குடும்பம் நடத்துபவர்கள். அவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியத் தொழில் கிடைக்கும், அரச உத்தியோகம் கிடைக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உத்தியோகக் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தப் படிப்பு நமக்கு என்ன கற்றுத் தருகிறது என்பதை மட்டும் இன்று பேசலாம் என நினைக்கிறோம்.

பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் இலக்கியத்தைப் பெரும்பாலும் மூன்று கூறாகப் பிரித்துத் தருவார்கள்: கவிதை, புனைகதை, நாடகம். உவமை, உருவகம், கதைப்பின்னல், பாத்திர வார்ப்பு, முரண் என்று கலைச்சொற்கள் வந்து குவியும். அவற்றை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிடலாம். அப்படி எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தச் சொற்கள் அத்தனைக்கும் அடியில் நிற்கும் சில எளிய கேள்விகள் உண்டு. அவை நமக்கு அந்நியமானவை அல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் ஐந்து அடுத்தடுத்து வருகின்றன: கூற்று, கேட்போர், களன், காலம், பயன். இதைச் சொல்வது யார், கேட்பது யார், எந்த இடத்தில், எந்த வேளையில், எதற்காக. சற்றுத் தள்ளி இன்னொரு உறுப்பும் உண்டு: எச்சம். சொல்லாமல் விடப்பட்டது எது என்று தேடிப் பார்ப்பது.

இந்த ஆறு கேள்விகளும் கையில் இருந்தால் ஒரு சங்கப் பாடலையும் வாசிக்கலாம், சேக்ஸ்பியரையும் வாசிக்கலாம், நம் பாட்டிமார் பாடிய தாலாட்டையும் வாசிக்கலாம். நமது அனுபவத்தில் இவற்றுள் முதன்மையானது முதல் கேள்விதான். யாருடைய கூற்று? இருநூறு ஆண்டுகளாக நம்மைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். துரைமாரின் நினைவுக் குறிப்புகள், ஆணைக்குழு அறிக்கைகள், தேர்தல் மேடைகள், தேயிலைப் பெட்டியில் அச்சிட்ட கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் எல்லாமே நம்மைப் பற்றிய கூற்றுகள். அவற்றைக் கேட்டுத் தலையாட்டாமல், பேசுவது யார் என்று நிதானித்துக் கேட்கக் கற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் இலக்கியக் கல்வி.

முதலில் கவிதை.

பூண்டுலோயாவுக்கு அயலில் உள்ளது மடகொம்பரைத் தோட்டம். அங்கே 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதியாகவும் அரசியல்வாதியாகவும் அவரை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றபோது, தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் அவர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களால் அவரைத் தெரிவுசெய்த மக்களின் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் மலையகத் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதே 1950களில்தான் சி. வி. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். சக்தீ பால ஐயா அதைத் தமிழாக்கி, 'தேயிலைத் தோட்டத்திலே' என்று பெயரிட்டார். பாரதியார் பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைத் தெரிந்த எந்தத் தமிழருக்கும் அந்தத் தலைப்பைக் கேட்டவுடன் அந்த நினைவு வரும்.

இப்போது நமது கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். கூற்று யாருடையது? தோட்டத்தில் பிறந்து, சட்டசபையில் இருந்து, தன் மக்களோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்ட ஒருவருடையது. கேட்போர் யார்? பிரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளிக்கு அன்று ஆங்கிலம் தெரியாது. அப்படியானால் அந்தக் கவிதை வேறு யாரையோ பார்த்துப் பேசுகிறது. கொழும்பில் இருந்து சட்டம் இயற்றியவர்களையும், அந்தத் தேயிலையைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பவர்களையும் பார்த்துப் பேசுகிறது என்று நாங்கள் வாசிக்கிறோம். வாக்குச் சீட்டைப் பறித்த பிறகு மிஞ்சிய ஒரே வழி அவர்களுடைய மொழியிலேயே அவர்களோடு பேசுவதுதான் என்று அவர் எண்ணியிருக்கலாம். அதே கவிதை தமிழுக்கு வந்ததும் கேட்போர் மாறிவிடுகிறார்கள். முன்பு பிறருக்குச் சொல்லப்பட்டதை இப்போது சொந்தச் சனங்களே கேட்கிறார்கள். சொல் ஒன்றுதான், ஆனால் கேட்பவர் மாறியதும் பயனும் மாறிவிடுகிறது. இதை ஒரு மாணவி தானாகக் கண்டுபிடித்துவிட்டால், முதல் தவணைக் கவிதைப் பாடத்தில் பாதி முடிந்தது என்று சொல்லலாம்.

சி. வி. இன்னொரு காரியமும் செய்தார். தோட்டம் தோட்டமாக வழங்கிய நாட்டார் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அந்தத் தொகுப்பு 1980களில் நூலாக வந்தது. படித்த ஒருவர், படிக்காத பெண்களின் பாட்டைக் கவிதை என்று மதித்து எழுதிவைத்தார் என்பதுதான் அதில் நாங்கள் பெரிதாக எண்ணுவது.

ஒரு தாலாட்டை எடுத்துக்கொள்வோம். கேட்பது யார் என்றால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை என்போம். அந்தப் பிள்ளைக்கோ சொல் விளங்காது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மாமியாருக்கு விளங்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு விளங்கும். சீர் கொண்டு வராத அண்ணனைப் பற்றியும், விடிய முன்னம் கேட்கும் தப்புச் சத்தத்தைப் பற்றியும், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுவதைப் பற்றியும் அவள் பிள்ளைக்குச் சொல்வதுபோல மற்றவர்களுக்குச் சொல்கிறாள். நேரே சொன்னால் சண்டை வரும், பாட்டாகச் சொன்னால் யாரும் குறுக்கே வர முடியாது. ஒப்பாரியும் அப்படியே. செத்தவரை விளித்து, உயிரோடு சுற்றி நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். எழுத்தறியாத நம் பாட்டிமாருக்குக் கூற்றும் கேட்போரும் வேறு வேறு என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்க, தோழியிடம் சொல்வதுபோல அவன் காதில் விழும்படி பேசும் சங்கத் தலைவியும் செய்வது இதையேதான். குறுந்தொகை கடினம் என்று பயப்படும் தங்கைமாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மேடையில் பாடிய ஒரு பெண்ணையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் புதிய சொற்களைக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. அந்த மெட்டுகளைப் பாட யாரும் யாருக்கும் பழக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே சொற்கள் விரைவாகப் போய்ச் சேர்ந்தன. யாப்பு, ஓசை, சந்தம் எல்லாம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

இனிப் புனைகதைக்கு வருவோம்.

கதையில் கேட்க வேண்டியது, கதை சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது. இதற்கு மூன்று படைப்புகளை அருகருகே வைத்து வாசிக்கும்படி சொல்வோம். மூன்றிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டம் வருகிறது.

முதலாவது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. 1935இல் தமிழ்நாட்டில் இருந்து எழுதியது. மருதி என்ற பெண் தன் கிராமத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்து படும் துன்பத்தைச் சொல்வது. எழுதியவரின் கோபம் உண்மையானது. அவர் தமது ஊரில் நின்று கடலுக்கு இப்பால் பார்க்கிறார். அங்கிருந்து பார்க்கையில் தோட்டம் ஒரு பாழுங்கிணறு. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. 1964இல் வந்த நாவல். எழுதியவர் ஒரு பெண் என்பதை நமது சங்கத்தில் அழுத்திச் சொல்வது பொருத்தம். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியைத் தலைப்பாக வைத்து, ஆள்கட்டிகளின் பேச்சை நம்பிக் கடல் கடந்தவர்களின் கதையை அவர் சொல்கிறார். இங்கே பார்வை கிட்டத்தில் இருந்து வருகிறது. வந்தவர்கள் வெறுமனே துன்பப்பட்டு மடிவதில்லை. பிள்ளை பெறுகிறார்கள், மனஸ்தாபப்படுகிறார்கள், ஆசைப்படுகிறார்கள், இந்த மண்ணில் வேர் பிடிக்கிறார்கள்.

மூன்றாவது என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதை. அதே பெயரில் அவருடைய தொகுப்பு 1980இல் வந்தது. ஓர் இளம்பெண் பறித்த கொழுந்தின் நிறை வழக்கத்தை மீறிவிடுகிறது. அவள் பறித்ததுதானா என்று சந்தேகம் கிளம்புகிறது. இறாத்தல் கணக்குக்குள் ஒரு பெண்ணின் மானம் சிக்கிக்கொள்கிறது. முதல் இரண்டு படைப்புகளிலும் தோட்டம் ஒரு பெரிய விதி. இந்தக் கதையில் தோட்டம் என்பது நிரை, கூடை, தராசு, நாலு பேரின் வாய். கொழுந்து மடுவத்தில் நின்று பழகியவர்களுக்கு அந்தத் தராசுக்கு முன்னால் நிற்கும்போது வயிற்றைக் கலக்கும் உணர்வு தெரியும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது.

மூன்றில் எது சிறந்தது என்று பரீட்சையில் கேட்டாலும் கேட்கலாம். எங்களுக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு அக்கறை இல்லை. நிற்கும் இடம் மாறினால் கண்ணில் படுவதும் படாமல் போவதும் மாறுகின்றன என்பதை மாணவி தன் கண்ணால் கண்டாலே போதும். பிறகு அவள் தினசரியில் நம்மைப் பற்றிய ஒரு செய்தியை வாசித்தாலும், இந்த நிருபர் லயத்துக்குள் வந்தாரா, தோட்டக் காரியாலயத்தோடு திரும்பிவிட்டாரா என்று தானாகவே யோசிப்பாள்.

கதையில் எச்சத்தையும் தேட வேண்டும். சி. வி.யின் நாவல்களில் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயர். தோட்டத்தில் சங்கம் அமைக்க முனையும் ஒருவன் வேலையை இழக்கிறான், வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கிறான். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், பேர் வெட்டினால் கூரையும் போய்விடும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சென்னையிலோ அந்த நாவலை வாசிக்கும் ஒருவர், வேலை போனால் வீடு ஏன் போக வேண்டும் என்று தடுமாறக்கூடும். அந்த இடத்தில் நமது மாணவி விளக்கம் சொல்லும் ஆசிரியையாகிவிடுகிறாள். 2018ஆம் ஆண்டு இதே பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய அரசின் உதவியோடு கட்டிய 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த வீடொன்றின் வாசலில் உட்கார்ந்து 'வீடற்றவன்' நாவலை வாசிக்கும் பிள்ளைக்கும், இன்னும் லயத்தில் இருந்து வாசிக்கும் பிள்ளைக்கும் தலைப்பு ஒரே பொருளைத் தராது. இரண்டு வாசிப்பும் சரியானவையே. வகுப்பில் இரண்டும் பேசப்பட வேண்டும்.

மூன்றாவது நாடகம். இதற்கும் நாம் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.

டன்சினன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பெயர் அது. சேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் மக்பெத் மன்னன் கடைசியாக நின்று போரிடும் கோட்டை அந்தக் குன்றின் மேல்தான் இருக்கிறது. பேர்னம் காடு டன்சினன் குன்றுக்கு வந்தால் அல்லாது உனக்குத் தோல்வி இல்லை என்று அவனுக்குக் குறி சொல்லப்படுகிறது. காடு எங்காவது நடக்குமா என்று அவன் நிம்மதியாக இருக்கிறான். எதிரிப் படையோ ஆளுக்கொரு கிளையை வெட்டிப் பிடித்துக்கொண்டு மலையேறுகிறது. காலையில் நிரை பிடித்து மலையேறும் பெண்களை நாள்தோறும் பார்த்து வளர்ந்த டன்சினன் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்யச் சிரமம் இருக்காது. எங்களில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இந்தப் பெயரைப் பாடப் புத்தகத்தில் கண்டபோது, நம் ஊர்ப் பஸ்ஸின் பெயர்ப்பலகை அங்கே எப்படிப் போனது என்று திகைத்தோம். பிறகுதான் விஷயம் விளங்கியது. பெயர் அங்கிருந்து இங்கே வந்தது, நாம் பெயரிடப்பட்ட இடத்தில் பிறந்தோம்.

பக்கத்துத் தோட்டங்களுக்கு ஈட்டன், ஹெரோ என்று பெயர். இங்கிலாந்தில் செல்வந்தர்களின் ஆண்பிள்ளைகள் படிக்கும் மிகப் பழைய பாடசாலைகள் இரண்டின் பெயர்களும் அவையே. அந்தத் தோட்டங்களில் நம் பாட்டிமார் பெயரெழுதப் பழகாமலே கொழுந்தெடுத்து மறைந்தார்கள். அவர்களுடைய பேத்திகள் இன்று ஈட்டனில் இருந்தும் ஹெரோவில் இருந்தும் சேக்ஸ்பியர் படிக்கப் பல்கலைக்கழகம் போகிறார்கள். பெயர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நாடகத்தில் கவனிக்க வேண்டியது, மேடையில் எது கண்முன் நடக்கிறது, எது வாயால் சொல்லப்படுகிறது என்பது. காடு நகர்வதை மன்னன் பார்ப்பதில்லை. தூதன் ஓடிவந்து சொல்லக் கேட்கிறான். கேட்டவனின் முகத்தைத்தான் நாம் பார்க்கிறோம். நமது காமன் கூத்திலோ முக்கியமானது கண்முன்னே நடக்கிறது. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, தப்பு முழங்க, மன்மதனும் இரதியும் வேடம் பூண்டு லயம் லயமாக வருகிறார்கள். கடைசி இரவில் சிவனின் கோபத்தில் காமன் எரிகிறான். எரிவது தோட்டத்து மைதானத்தில், நம் கண்ணுக்கு முன்னால். பிறகு இரதியின் புலம்பல். அதன் பின் காமன் உயிர்த்தெழுகிறான். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகக் கைமாறி வந்தவை. அச்சிட்ட பிரதி இல்லாவிட்டாலும் பாடம் இருந்தது. அதை நினைவில் சுமந்த மாஸ்டர்மார் இருந்தார்கள்.

இங்கேயும் முதல் கேள்வியைக் கேட்போம். இரதியின் புலம்பல் யாருடைய கூற்று? சொற்களும் இராகமும் பெண்கள் இழவு வீட்டில் வைக்கும் ஒப்பாரியில் இருந்து வந்தவை. மைதானத்தில் அதைப் பாடுபவரோ வழக்கமாகச் சேலை உடுத்திய ஓர் ஆண். சுற்றி நின்று கேட்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், அந்தப் பாட்டுக்கு மூலம் தாங்களே என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆண்கள் விரதம் இருந்து பக்தியோடு ஆடியதால்தான் கூத்து இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஆனால் நாடகம் கற்ற ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த மைதானத்தை விட்டு வரக்கூடாது. கேட்டால்தான் நாளை ஒருநாள் அவள் இரதியாக நின்று பாடவோ, இரதியின் கதையை வேறொரு விதமாக எழுதவோ முடியும்.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவை நாடக வரலாற்றில் இடம்பெற்றன. கிராமத்தில் விடிய விடிய ஆடியது படித்தவர்கள் ஆராயத்தக்க கலையாயிற்று. நமது மலைக் கூத்துகளையும் ஆராய்ந்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் அந்த வரிசையில் நமது பெண்களின் பெயர்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

இதுவரை சொன்னதைப் படிக்கும் முறையாகச் சுருக்கி, இவ்வாண்டு உயர்தர வகுப்பில் சேர்ந்துள்ள தங்கைமாருக்கும், பல்கலைக்கழகம் செல்லக் காத்திருப்பவர்களுக்கும் நாலு வார்த்தை.

கவிதையை முதலில் வாய்விட்டு வாசியுங்கள். இரண்டு தடவை. பேனாவை அதன் பிறகு எடுங்கள். பொழிப்புரை எழுதிப் பார்த்து, பொழிப்பில் வராமல் போனது எது என்று தேடுங்கள். கவிதை இருப்பது அங்கேதான். கதையை முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்று அறியும் பொருட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போங்கள். அதே கதையை வேறொரு பாத்திரம் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நாடகத்தைத் தனியாக வாசிக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாசியுங்கள், எழுந்து நின்று வாசித்தால் இன்னும் நல்லது. யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் மௌனமாக இருக்கிறார்கள் என்பது அப்போது புலப்படும்.

ரியூட்டரிக் குறிப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையகத்தில் புத்தகம் கிடைப்பது அரிது, குறிப்புக் கிடைப்பது எளிது. புத்தகத்துக்குக் காசு இல்லாத பிள்ளையைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் குறிப்பு என்பது கதையை வாசித்த வேறொருவருடைய கூற்று. அதை மனப்பாடம் செய்தால், நம்மைப் பற்றி மற்றவர் பேச நாம் கேட்டுக்கொண்டிருந்த பழைய நிலைமை வகுப்பறைக்குள்ளும் தொடர்கிறது. மூலப் பிரதியை வாசித்துவிட்டு எழுதும் பிழையான ஒரு வசனம்கூட அவளுடைய சொந்த வசனம். திருத்திக்கொள்ளலாம்.

இனி, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் பழைய மாணவியருக்கு எங்கள் வேண்டுகோள்கள் இரண்டு.

முதலாவது புத்தகம். பெயர் சொன்ன நூல்களில் பல இன்று எளிதில் வாங்கக் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பிரதி தூங்கிக்கொண்டிருந்தால் நமது பாடசாலை நூலகத்துக்குத் தாருங்கள். தர மனம் இல்லாவிட்டால் ஒரு நகல் எடுத்தாவது உங்கள் பெண்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளரும் பிள்ளைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' தமிழில் விளங்காவிட்டால், கதையைச் சொல்லிவிட்டு, தராசுக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேண்டுகோளுக்குத் தாமதம் கூடாது. பாட்டுத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சி. வி. தொகுத்தவை தொகுக்கப்பட்டுவிட்டன. அவர் காதில் விழாதவை இன்னும் எத்தனையோ. உங்கள் அம்மாவோ அம்மாயியோ அப்பாயியோ பக்கத்து வீட்டுக் கிழவியோ பாடும் ஒரு தாலாட்டை, ஓர் ஒப்பாரியை, ஒரு கும்மிப் பாட்டைப் பதிவு செய்து எழுதுங்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், எப்போது பாடுவார்கள், யாரிடம் கற்றார் என்பவற்றைக் கீழே குறியுங்கள். கூற்று, கேட்போர், களன், காலம், பயன் எல்லாம் அந்த நாலு வரிக்குள் வந்துவிடும். எழுதும்போது அவருடைய பேச்சை நம் படித்த தமிழாகத் திருத்திவிடாதீர்கள். பெரட்டு என்று பாடினால் பெரட்டு என்றே எழுதுங்கள். ஆளுக்கொரு பாட்டு வந்து சேர்ந்தால், சங்கத்தின் அடுத்த வெளியீடாக அதையே ஒரு நூலாக்கலாம். அந்த நூலில் பாடியவரின் பெயர் மேலே வரட்டும், எழுதியவரின் பெயர் கீழே வரட்டும்.

கதையும் பாட்டும் படித்து என்ன கிடைக்கும் என்று கேட்கும் தாய்மாருக்கு எங்கள் பதில் இதுதான், அம்மா. உங்களைப் பற்றி ஒருவர் பேசும்போது அதில் பொய் எங்கே இருக்கிறது என்று உங்கள் மகளால் சுட்டிக்காட்ட முடியும். நீங்கள் பாடியதை உங்கள் பெயரோடு எழுதிவைக்க முடியும். சம்பளச் சீட்டில் இது ஏறாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவளைப் படிக்க விடுங்கள்.